கடமையில் மாண்டவர் குடும்பமும் குடியுரிமையும்: அமெரிக்க அனுபவம் தரும் பாடம்

முன்னுரை

சென்ற வருஷம் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் இருந்த நண்பர் மெதுவாகக் கேட்டார். "நயினார், நீங்க சட்டம் சரித்திரமெல்லாம் படிக்கிறவராச்சே. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எம் மாப்பிள்ளை நியூ ஜெர்சியில கம்ப்யூட்டர் வேலை. அந்த ஊர் ஆம்புலன்ஸ்ல சம்பளம் வாங்காத தொண்டராவும் சேர்ந்திருக்கார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஓடறார். நல்ல காரியந்தான், வேண்டாம்னு சொல்ல மனசு வரல. ஆனா அவருக்கு ஏதாவது ஆயிட்டா, எம் பொண்ணு அந்த ஊர்ல இருக்க முடியுமா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நான் பாத்திரக் கடை வைத்திருப்பவன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது; மற்றதெல்லாம் ராத்திரி கடை அடைத்த பிறகு படித்தது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை நம் மலர் வழியாக எல்லோருக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. நம் வீடுகளில் பாதிப் பேருக்கு மகனோ மகளோ அந்த நாட்டில் இருக்கிறார்கள் அல்லவா? இது வரலாற்றுக் கட்டுரை; சட்ட ஆலோசனை அல்ல. சொந்த விவகாரத்துக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

தீ பிடித்தால், கட்டடம் இடிந்தால், விபத்து நடந்தால் முதலில் ஓடி வருகிறவர்கள் மூன்று பேர்: தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், ஆம்புலன்ஸ் ஊழியர். மற்றவர்கள் வெளியே ஓடும்போது இவர்கள் உள்ளே ஓடுகிறார்கள். அப்படி ஓடியவர் திரும்பி வராவிட்டால், வேற்று நாட்டிலிருந்து வந்து அவரை நம்பி வாழும் மனைவி மக்களுக்கு அந்த நாட்டில் என்ன உரிமை? இதுதான் நாம் காணப்போகும் கேள்வி.

மூன்று படிகள்

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். அமெரிக்காவில் வெளிநாட்டவர் வாழ்வதற்கு மூன்று படிகள் உண்டு. முதல் படி விசா. இது தவணைக்கு விட்ட கடை மாதிரி. தவணை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டாம் படி கிரீன் கார்டு. இது நீண்ட குத்தகை. ஒழுங்காக இருந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். மூன்றாம் படி குடியுரிமை. அது சொந்தக் கடை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் படியில் கடை புருஷன் பேரில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு எச்-1பி விசா. அவர் மனைவிக்கு, பிள்ளைக்கு எச்-4 என்ற சார்பு விசா. சார்பு என்றால் கொடி மாதிரி. மரம் சாய்ந்தால் கொடிக்குத் தனியாக நிற்க வழியில்லை. புருஷன் இறந்தால் அவர் விசாவோடு சேர்ந்து மனைவியின் விசாவும் ஆதாரம் இழந்துவிடுகிறது. சட்டத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் இப்படி எழுதவில்லை. சாவைப் பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இறந்தவருக்குக் கிடைத்த காகிதம்

அந்த நாட்டில் நாட்டுக்காக உயிர் கொடுத்தவருக்குக் குடியுரிமை தரும் சட்டம் முதலில் ராணுவத்தாருக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர்களும் கிரீன் கார்டு இருந்தால் அமெரிக்கப் படையில் சேரலாம். போரில் இப்படி ஒருவர் மாண்டால், இறந்த பிறகு அவரைக் குடிமகன் என்று அறிவிக்கலாம் என்று 1990 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில், இதனால் அவருடைய மனைவி, பிள்ளைகள், உறவினர் எவருக்கும் குடியேற்றச் சலுகை எதுவும் கிடையாது என்றும் எழுதி வைத்தார்கள். அதாவது, செத்தவர் அமெரிக்கர். அவர் பெண்டாட்டி அந்நியர். சட்டம் போட்டு மாட்டிவைக்க ஒரு சான்றிதழ் கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை.

11.9.2001

நிலைமை மாறியது உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்த பிறகுதான். அன்று நடந்த தாக்குதல்களில் இறந்தவர் 2,977 பேர். அவர்களில் நியூயார்க் தீயணைப்புத் துறையினர் மட்டும் 343 பேர். துறைமுக ஆணையப் போலீசார் 37 பேர், நியூயார்க் நகரப் போலீசார் 23 பேர். வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த உணவு விடுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

துக்கம் ஆறுவதற்கு முன்பே விசா பிரச்சினை வந்து நின்றது. வேலை விசாவில் வந்திருந்தவர்களின் விதவைகளுக்கு, கணவரின் வேலை முடிந்ததால் நாட்டில் தங்கும் உரிமையும் முடிந்தது என்ற நிலை. பிரிட்டனிலிருந்து வந்து அங்கே பிள்ளைகள் பெற்று வாழ்ந்த ஒரு விதவையின் கதை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அவர் பெற்ற பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள். தாய் மட்டும் வெளியேற வேண்டியவர்!

26.10.2001 அன்று கையெழுத்தான பேட்ரியட் சட்டத்தை நாம் எல்லோரும் உளவு பார்க்க வழி செய்த கடுமையான சட்டம் என்றுதான் அறிவோம். அது உண்மையே. ஆனால் அதற்குள் 421-ஆம் பிரிவிலிருந்து 428 வரை பயங்கரவாதத்துக்குப் பலியானவர் குடும்பங்களுக்கான குடியேற்றச் சலுகைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுருக்கமாகச் சொன்னால்: கிரீன் கார்டு மனு போட்டவர் அன்று இறந்திருந்தால், அவரோடு மனு செத்துவிடாது, மனைவி மக்கள் தொடரலாம். விசாவில் இருந்தவரின் மனைவி மக்களுக்கு ஒரு வருஷம் தங்க அவகாசம். மனு நடக்கும்போது பிள்ளைக்கு 21 வயது நிரம்பிவிட்டால் 'பிள்ளை' என்ற தகுதி போய்விடும் என்பது வழக்கமான விதி. அதற்கும் சில வாரங்கள் தளர்வு கொடுத்தார்கள். தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையை வளர்க்கத் தாத்தா பாட்டிக்குக் கூட வழி வைத்தார்கள். அந்த ஒரு வரியை எழுதியவர் யாரோ, குடும்பம் என்றால் என்ன என்று தெரிந்தவர்.

அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. பணியில் மாண்ட போலீசார், தீயணைப்பாளர் குடும்பத்துக்கு மத்திய அரசு ஒரு தொகை தரும் திட்டம் 1976-லிருந்து இருக்கிறது. ஆரம்பத்தில் அது 50,000 டாலர். பேட்ரியட் சட்டம் அதை 2,50,000 ஆக்கியது. தவிர, தாக்குதலில் பலியானோர்க்கு ஏற்பட்ட தனி நஷ்ட ஈட்டு நிதி, விசா இல்லாமல் வேலை செய்து இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் பணம் கொடுத்தது. ஆனால் அந்த விசா இல்லாத குடும்பங்களுக்குத் தங்கும் உரிமை கொடுக்கவில்லை. நான் வியாபாரி, பற்று வரவு பார்க்கிற கண்ணுக்கு இது உடனே தெரிந்துவிடும். பணமாகக் கேட்டால் அரசாங்கம் கொடுக்கிறது. இடமாகக் கேட்டால் யோசிக்கிறது. இந்த வரலாறு முழுக்க இதே கதைதான்.

பட்டியலில் இல்லாத ஒரு பெயர்

இங்கே ஒரு இளைஞரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முகமது சல்மான் ஹம்தானி, வயது 23. பாகிஸ்தானில் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். ஆம்புலன்ஸ் மருத்துவ உதவிப் பயிற்சி பெற்றவர். நியூயார்க் போலீஸ் பயிற்சி மாணவராகவும் இருந்தவர். அன்று காலை ஆய்வுக்கூட வேலைக்குக் கிளம்பியவர், புகையைக் கண்டு உதவ ஓடியிருக்கிறார். திரும்பி வரவில்லை. உடல் கிடைக்காத நிலையில், பெயரையும் மதத்தையும் வைத்து, இவரும் சதியில் சேர்ந்தவரோ என்று சந்தேகம் கிளப்பினார்கள். பெற்ற தாய் ஒரு பக்கம் மகனைத் தேடினாள். போலீஸ் இன்னொரு பக்கம் அவரைத் தேடியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பேட்ரியட் சட்டத்தின் 102-ஆம் பிரிவில், உதவி செய்யப் போனதாக நம்பப்படும் வீர இளைஞர் என்று அவர் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது! 2002-இல் அவர் உடலின் பகுதிகள் இடிபாடுகளில் அடையாளம் காணப்பட்டன. இறுதிச் சடங்குக்கு நகர மேயரே வந்தார். 2014-இல் அவர் வாழ்ந்த பகுதியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஆனால் நினைவிடத்தில் மீட்புப் பணியாளர் வரிசையில் அவர் பெயர் இல்லை; அவர் அப்போது பணியில் இருந்த போலீஸ்காரர் அல்ல என்பது காரணம். காப்பாற்றப் போனவர் யார் என்பதை நெருப்பு கேட்பதில்லை. பட்டியல் கேட்கிறது.

2003: ராணுவக் குடும்பங்களுக்குத் திறந்த கதவு

ஈராக் போர் தொடங்கிய இரண்டாம் நாளே, 21.3.2003 அன்று, அமெரிக்கத் தரப்பில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர் ஹோசே அன்டோனியோ குட்டியரெஸ். குவாதமாலாவில் பிறந்த அனாதை. மெக்சிகோ வழியாக ரயிலேறி அமெரிக்காவுக்குள் வந்து சேர்ந்து, பிறகு கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தவர். குடிமகன் ஆகாமலே இறந்தார். இறந்த பின் குடியுரிமை கொடுத்தார்கள். அவரைப் போலவே இன்னும் சில பேர். 'உயிரைக் கொடுக்க மட்டும் நம் ஆள், மற்றதற்கு அந்நியனா?' என்ற கேள்வி அந்த நாட்டுக்குள்ளேயே எழுந்தது.

24.11.2003 அன்று கையெழுத்தான ராணுவச் செலவுச் சட்டத்தில் இதற்குப் பதில் வந்தது. 1990-இல் மறுக்கப்பட்டது 2003-இல் கொடுக்கப்பட்டது. பணியில் இறந்த வீரரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் கிரீன் கார்டுக்கு மனு செய்யலாம். கார்டு பெற்றவர் வழக்கமான வருஷக் கணக்கு பார்க்காமலே குடியுரிமை கேட்கலாம். 11.9.2001 முதல் இது செல்லும் என்றும் முன்தேதியிட்டார்கள். நல்ல சட்டம். ஆனால் இங்கும் பட்டியல் உண்டு. மனைவி, பிள்ளை, பெற்றோர் இருக்கிறார்கள், உடன்பிறந்தவர் இல்லை. குட்டியரெசுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஊரில் இருந்தது ஒரு சகோதரிதான்.

தீயணைப்பு வீரர் குடும்பம் ஏன் விடுபட்டது?

ராணுவ வீரருக்குச் செய்ததைத் தீயணைப்பு வீரருக்கும் செய்துவிட்டால் என்ன? கேட்கச் சுலபம். ஏன் நடக்கவில்லை என்று பார்த்தால் ஒரு காரணம் தெரிகிறது. நியூயார்க் போன்ற பெரிய நகரங்களில் போலீசிலும் தீயணைப்பிலும் சேரக் குடியுரிமை வேண்டும். ஆகவே இறப்பவர் ஏற்கனவே குடிமகன். இதில் என்ன பிரச்சினை என்று நினைத்துவிட்டார்கள்.

பிரச்சினை அவர் மனைவிக்கு. குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண், கிரீன் கார்டு வாங்கி மூன்று வருஷத்தில் குடியுரிமை கேட்கலாம். மற்றவர்க்கு ஐந்து வருஷம். ஆனால் அந்த மூன்று வருஷமும் கணவரோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் வருஷம் கணவர் தீயில் மாண்டால் அந்த மூன்று வருஷக் கணக்கு போய், ஐந்து வருஷக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ராணுவ வீரரின் விதவைக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. தீயணைப்பு வீரரின் விதவைக்கு உண்டு. இரண்டு பேர் வீட்டிலும் ஒரே கொடியைத்தான் மடித்துக் கொடுக்கிறார்கள்.

2009 வரை இதைவிட மோசம். மணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் குடிமகனான கணவர் இறந்தால், மனைவிக்காக அவர் போட்ட கிரீன் கார்டு மனுவே செல்லாது என்று வைத்திருந்தார்கள். இதற்கு 'விதவைத் தண்டனை' என்றே அங்கே பெயர். குழந்தை பிறந்திருந்தாலும் இதே கதி. பல வழக்குகளுக்குப் பிறகு 28.10.2009 அன்று வந்த சட்டம் இந்த இரண்டு வருஷ நிபந்தனையை எடுத்துவிட்டது. அதோடு 204(எல்) என்ற புதிய பிரிவையும் சேர்த்தது. மனு போட்டவரோ முதன்மை மனுதாரரோ இறந்தாலும், அப்போது அந்த நாட்டில் வசித்து, தொடர்ந்தும் வசிக்கிற குடும்பத்தார் அந்த மனுவைத் தொடரலாம் என்பது அதன் சாரம். வேலை வழியாகப் போட்ட மனுவின் சார்பில் இருக்கும் மனைவி மக்களுக்கும் இது பொருந்தும். நம்மவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு இது.

குடியுரிமை இல்லாதவர்களும் இப்போது இந்தப் பணிகளுக்கு வருகிறார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. வேலை அனுமதி உள்ள எவரும் போலீசில் சேரலாம் என்று கலிபோர்னியா 2023 முதலும், இல்லினாய் மாநிலம் 2024 முதலும் விதியை மாற்றின. ஆகவே 'இறப்பவர் குடிமகன்தானே' என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது.

தூசியைக் கூட்டியவர்கள்

இடிபாடுகளை அள்ளியவர்கள் கதை தனி. கோபுரங்கள் விழுந்த இடத்திலும் சுற்றியிருந்த கட்டடங்களிலும் மாதக்கணக்கில் தூசியைக் கூட்டித் துடைத்தவர்களில் ஏராளமானோர் தென் அமெரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த கூலிக்காரர்கள். பலருக்கு விசா கிடையாது. அந்தத் தூசி அவர்கள் நுரையீரலில் போய்த் தங்கியது. 2.1.2011 அன்று கையெழுத்தான ஜட்ரோகா சட்டம், விசா இருக்கிறதா என்று கேட்காமல் அவர்களுக்கும் மருத்துவம் கொடுத்தது. ஆனால் அங்கே வைத்தியம் பார்க்கும் உரிமை உண்டு, அங்கே வசிக்கும் உரிமை இல்லை! 2017-இல் இப்படி வேலை செய்து நோயாளியான கொலம்பியாக்காரர் ஒருவரை, பழைய குற்றம் ஒன்றைக் காட்டி நாடு கடத்தப் பிடித்து வைத்தார்கள். நியூயார்க் கவர்னர் மன்னிப்பு அளித்த பிறகு விடுதலையானார். அந்த வருஷமே இத்தகைய தொழிலாளர்க்குச் சட்டபூர்வ நிலை தர ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை.

அதே 2017-இல், பிப்ரவரி 22-ஆம் தேதி, கன்சாஸ் மாநிலம் ஓலேத் ஊரில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா என்ற ஹைதராபாத் இன்ஜினியர் இன வெறியனால் சுட்டுக் கொல்லப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அவர் மீட்புப் பணியாளர் அல்ல. ஆனால் நான் மேலே சொன்ன கொடியும் மரமும் கதையை நம் நாட்டுப் பத்திரிகைகள் முதன்முதலில் விரிவாக எழுதியது அப்போதுதான். கணவரின் உடலோடு இந்தியா வந்த அந்தப் பெண், திரும்பிப் போக முடியுமா என்றே தெரியாமல் தவித்தார். தொகுதி உறுப்பினர் கெவின் யோடர் தலையிட்டுத் தற்காலிக அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரு உறுப்பினர் மனம் வைத்ததால் நடந்தது. சட்டப்படி தானாக நடக்கவில்லை.

மற்ற நாடுகள்

மற்ற நாடுகள் என்ன செய்தன? பிரான்ஸ் 1999 டிசம்பரில் ஒரு சட்டம் செய்தது. அந்நாட்டுப் படையில் சேர்ந்து போரில் காயம்பட்ட வெளிநாட்டவர் கேட்டால் குடியுரிமை. அவர் இறந்துவிட்டால், உடன் வசித்த மைனர் பிள்ளைகளுக்கு அந்த வழி. சிந்திய ரத்தத்தால் பிரெஞ்சுக்காரர் ஆனவர் என்று அங்கே சொல்வார்கள். கொரோனா வந்தபோது இதை இன்னும் அகலமாக்கினார்கள். நர்சுகள் மட்டுமல்ல, துப்புரவுத் தொழிலாளர், கடைக் கல்லாவில் நின்றவர்கள் எல்லோரும் ஐந்து வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷ வாசத்தில் மனு செய்யலாம் என்றார்கள். 2021 செப்டம்பருக்குள் 12,000-க்கும் மேற்பட்டவர் இவ்வாறு குடியுரிமை பெற்றனர்.

பிரிட்டனில் கொரோனாவால் முதலில் இறந்த பத்து டாக்டர்களும் வெள்ளையர் அல்லாத சிறுபான்மையினர் என்ற செய்தி 2020 ஏப்ரலில் அந்த நாட்டை உலுக்கியது. பணியில் கொரோனாவுக்குப் பலியான வெளிநாட்டு மருத்துவ ஊழியரின் குடும்பத்துக்குக் கட்டணமின்றி நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரப்பட்டது. ஆனால் முதலில் டாக்டர், நர்ஸ் போன்றோர்க்கு மட்டும். வார்டைக் கூட்டியவர், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், முதியோர் இல்லத்தில் பணி செய்தவர் பட்டியலில் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது, மே 20-ஆம் தேதி அவர்களையும் சேர்த்தார்கள். மூன்றே வாரத்தில் பட்டியல் நீண்டது. மனம் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதற்கு இது சாட்சி.

முடிவுரை

இவ்வளவும் படித்தபின் எனக்குத் தெரிந்தது இதுதான். எந்தச் சட்டமும் சாவுக்கு முன்னால் வரவில்லை. கோபுரம் விழுந்தபின் ஒன்று, போர் தொடங்கியபின் ஒன்று, கொள்ளைநோய் வந்தபின் ஒன்று. ஒவ்வொன்றும் அந்தச் சாவுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை. அடுத்து வருகிறவருக்கு அது பொருந்துவதில்லை. பொதுவான சட்டம் ராணுவத்தார்க்கு மட்டும் இருக்கிறது. சொந்த ஊரில் தினமும் தீயில் இறங்குகிறவரின் குடும்பத்துக்கு அதற்கு இணையானது இல்லை.

நண்பருக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "ஐயா, மாப்பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பொது நல அமைப்பு நடத்துற ஆம்புலன்ஸ்ல ஓடறவங்க பணியில இறந்தாலும் குடும்பத்துக்குப் பணம் உண்டுன்னு 2013-லேயே சட்டத்தைத் திருத்திட்டாங்க. பணத்துக்கு வழி இருக்கு. தங்கறதுக்குத்தான் நாம பார்த்துக்கணும். கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனுவோட நகலை உங்க பொண்ணு தன் கையில ஒண்ணு வச்சிருக்கட்டும். அந்த மனு இருந்தா 204(எல்) இருக்கு. ஆனா இந்தியர் வரிசை ரொம்ப நீளம். ஒரு நாட்டுக்கு நூத்துக்கு ஏழுதான்னு 1990-ல வச்ச கணக்கு. முறை வர்ற வரைக்கும் அங்கே தங்க அவளுக்குன்னு தனி விசா ஒண்ணு வேணும். அவளும் படிச்ச பொண்ணுதானே, சொந்தமா வேலை விசாவுக்கு முயற்சி பண்ணட்டும். கொடிக்கும் ஒரு கொம்பு நட்டு வைக்கணும்."

"பேரன் அங்கேயே பொறந்தவன் நயினார், அவன் சிட்டிசன்தானே?" என்றார் அவர்.

"ஆமாம். ஆனா அவன் அம்மாவுக்கு மனு போட அவனுக்கு 21 வயசு ஆகணும். இப்ப என்ன வயசு?"

"நாலு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அவர் எழுந்து போய் மகளுக்குப் போன் போட்டார். "அந்த மனுவோட காப்பி உங்கிட்ட இருக்கா பாரும்மா" என்று கேட்டது எனக்குக் கேட்டது. இதைப் படிக்கிறவர்களும் இன்றே தங்கள் பிள்ளைகளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தால் இந்தக் கட்டுரை எழுதிய பயன் கிட்டியதாகக் கொள்வேன்.